சேர்வராயன் பெயரில் ஒரு கிளாஸ்

1

டொராண்டோவுக்கு வந்து எத்தனை வருஷம் என்று யாராவது கேட்டால் நான் ஒரு கணக்குச் சொல்வேன், என் மனைவி சாந்தி ஒரு கணக்குச் சொல்வாள். நான் கப்பல் வேலையை விட்டு இறங்கிய நாளிலிருந்து எண்ணுகிறவன். அவள் ஏற்காட்டுப் பக்கத்து வெள்ளக்கடையிலிருந்து கிளம்பி வந்து, இந்தக் குளிரில் முதல் தும்மல் போட்ட நாளிலிருந்து எண்ணுகிறவள். இந்த வருஷம் இரண்டு கணக்கையும் ஓரமாகத் தள்ளிவிட்டு மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது. நான் வேலை பார்க்கும் ஹோட்டலுக்கு ஆண்டு விழா. குழப்பமெல்லாம் அதிலிருந்துதான் ஆரம்பித்தது.

ஏற்காட்டிலும் சேலத்திலும் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு என் வேலை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஹோட்டல் பாரில் காக்டெயில் கலக்குகிறவன். இரண்டு மூன்று பாட்டில்களிலிருந்து அளந்து ஊற்றி, ஐஸ் போட்டுக் குலுக்கியோ கலக்கியோ, வடிகட்டி, ஒரு துண்டு ஆரஞ்சுத் தோலைப் பிழிந்துவிட்டு நீட்டுவது. சொல்லும்போது சுலபமாக இருக்கிறது. ஒரு கரண்டி கூடினால் குடிக்கிறவர் முகம் கோணும், குறைந்தால் கிளாஸ் திரும்பி வரும். நம் பாஷையில் கலக்குவதும் கலங்குவதும் பக்கத்துப் பக்கத்து வீட்டில்தான் இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் நான் முதல் வீட்டில் இருந்ததைவிட இரண்டாவது வீட்டில் இருந்ததுதான் அதிகம்.

என்னைப் பற்றி இன்னொரு சேதியும் உண்டு. நான் குடிப்பதில்லை. எப்போதாவது, கல்யாணம் கச்சேரிக்கு என்பதுபோலக்கூட இல்லை. என் நாக்கில் ஒரு சொட்டும் பட்டதில்லை.

2

எழுபதுகளில் ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு லாட்ஜில் எனக்கு வேலை கிடைத்தது. ரூம் சுத்தம் செய்வதுதான் முதலில். மதுவிலக்குக் காலம் அது. பர்மிட் வைத்திருந்த எஸ்டேட்காரர்களுக்கும் வெளியூர்க்காரர்களுக்கும் மட்டும் ஓர் அறையில் ஊற்றிக் கொடுப்பார்கள். அந்த அறைக்கு என்னை மாற்றினார்கள். சேதி எங்கள் ஊரான வாழவந்திக்குப் போய்ச் சேர்ந்ததும் அம்மா அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினாள். என்னை இழுத்துக்கொண்டு நேராகச் சேர்வராயன் கோயிலுக்கு நடந்தாள்.

எங்கள் அப்பா குடித்தவர். அதற்குமேல் விவரம் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

சேர்வராயன் கோயில் மலை உச்சியில் ஒரு குகை. குனிந்துதான் உள்ளே போக வேண்டும். அம்மா பூசாரியிடம் சொல்லி என் முன்னால் சூடம் ஏற்றச் செய்தாள். எங்கள் பக்கத்தில் எரிகிற சூடத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தால் அது பெரிய சத்தியம். வாயால் சொன்ன சத்தியத்தை மீறினவனுக்கு மன்னிப்பு உண்டு, சூடம் அடித்தவனுக்கு இல்லை என்பார்கள்.

"சாராயத்த நாக்குல வெக்க மாட்டேன்னு சொல்லு."

"சாராயத்த நாக்குல வெக்க மாட்டேன்."

அடித்தேன். உள்ளங்கை சுட்டது. அம்மா அந்தக் கையைப் பிடித்து ஊதிவிட்டாள். பிறகு என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு அவள் மட்டும் உள்ளே கொஞ்ச நேரம் இருந்தாள். அம்மாக்கள் வேண்டிக்கொள்ள ஆயிரம் இருக்கும் என்று நானும் கேட்கவில்லை.

அன்றிலிருந்து மூக்குதான் எனக்கு வேலை செய்தது. எதையும் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து மோந்து பார்ப்பேன். முதல் மடக்கு குடிக்கிறவரின் புருவத்தைப் பார்ப்பேன். ஐஸ் குலுங்குகிற சத்தம் மாறும்போது போதும் என்று தெரிந்துவிடும். பழைய காக்டெயில்கள் எல்லாவற்றுக்கும் அளவு எழுதி வைத்திருக்கிறார்கள். அதன்படி ஊற்றினால் போதும். லாட்ஜிலும், பிறகு கப்பலிலும், இங்கேயும் இப்படியே ஓட்டிவிட்டேன்.

3

ஒரு வார்த்தை மலையை விட்டு இறங்கினால் அதற்கு என்ன ஆகிறது என்று எனக்குப் புரிவதே இல்லை. என் பெயர் வெள்ளையன். அதன் அர்த்தத்தை இந்த ஊரில் நான் யாரிடமும் சொன்னதில்லை. பாரில் எல்லோருக்கும் நான் வெல்.

எங்கள் ஜனத்துக்கு மலையாளி என்று பேர். மலையில் இருக்கிறவர்கள் என்றுதான் அர்த்தம். தலைமுறை தலைமுறையாகச் சேர்வராயன் மலையில் சாமையும் தினையும் காப்பியும் போட்டு, தமிழ் பேசி வாழ்கிறவர்கள். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது நீங்கள் யார், என்ன ஆட்கள் என்று ஏதோ கேட்டிருக்கிறார்கள். ஊரில் ஆபீசில் கேட்கிற கேள்விதானே என்று சாந்தி பெருமையாக "மலையாளி" என்றிருக்கிறாள். அடுத்த மாதத்திலிருந்து பள்ளிக்கூடச் சுற்றறிக்கைகள் எங்களுக்கு மலையாளத்தில் வர ஆரம்பித்தன. வட்டம் வட்டமாக இருந்த அந்த எழுத்தை நாங்கள் மூன்று பேரும் மாறி மாறித் திருப்பிப் பார்த்தோம். தவறு எங்களுடையது என்று எடுத்துச் சொல்லப் போனேன். கேட்டவர் மிகவும் மரியாதையாக, "அப்படியானால் நீங்கள் மலையாளி இல்லையா?" என்றார். இல்லை என்று சொல்லவும் வாய் வரவில்லை, ஆமாம் என்று சொல்லவும் வழியில்லை.

மகள் தேன்மொழிக்கு இப்போது பதினாலு வயது. தமிழ் பேசுவாள், ஆனால் வழுக்குப்பாறையில் நடக்கிற மாதிரிதான். சேர்வராயன் என்று அவளுக்கு வாயில் வராது. "சாராயன் சாமி" என்பாள். சாந்தி ஒவ்வொரு தடவையும் திட்டுவாள். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து போய்விடுவேன்.

4

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆண்டு விழாவுக்குப் பாரில் ஒரு புது காக்டெயில் வைக்க வேண்டும் என்றார் மேனேஜர் டெனிஸ். எங்கேயும் இல்லாததாக இருக்க வேண்டுமாம். பாரில் இருக்கும் நாங்கள் எல்லோரும் ஆளுக்கொன்று செய்ய வேண்டும். முதலாளி எதைத் தேர்ந்தெடுக்கிறாரோ, அதைச் செய்தவருக்கே காலியாக இருக்கும் ஹெட் பார்மேன் வேலை. அந்த இடத்துக்கு நான் நெடுநாளாகக் காத்திருந்தேன். இல்லை என்று ஆகிவிட்டால், என்னைவிட இளையவர்களுக்குக் கீழே கிளாஸ் துடைத்துக்கொண்டு வயதாக வேண்டியதுதான்.

எனக்கு யோசனைக்குப் பஞ்சமில்லை. எங்கள் மலையில் திருட்டுத்தனமாகக் காய்ச்சுகிறவர்கள் வெல்லமும் பட்டையும் ஊறலில் போடுவார்கள். பலாப்பழக் காலத்தில் சுளையும் சேரும். அந்த வாசனை காட்டுப்பாதையில் காற்றோடு வரும். அதே வாசனை இங்கே ஒரு பாட்டிலில் இருந்தது. பிளம் பழத்தில் வடித்து ஐரோப்பாவிலிருந்து வருகிற சரக்கு. யாரும் கேட்பதில்லை, தூசி படிந்து மேல்தட்டில் கிடந்தது. மன்ஹாட்டன் என்று விஸ்கியும் வெர்மூத் என்ற மூலிகை ஒயினும் சேர்ந்த பழைய காக்டெயில் ஒன்று உண்டு. அதை எடுத்துக்கொண்டேன். விஸ்கியைக் கொஞ்சம் குறைத்து அந்த இடத்தில் பிளம் சரக்கை விட்டேன். வெர்மூத்தில் வறுத்த ஏற்காட்டுக் காப்பிக்கொட்டையை ஒரு ராத்திரி ஊறவைத்தேன். நாலு மிளகைத் தட்டிப் போட்டேன். மேலே ஆரஞ்சுத் தோல். வாசனை எழுந்து வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் அனுப்பிய கொட்டை அது, எங்கள் ஊட்டுப் பின்பக்கத்துச் செடியில் பறித்தது.

"இதற்கு என்ன பேர் வைப்பாய்?" என்றார் டெனிஸ்.

"இன்னும் யோசிக்கவில்லை."

"எந்த ஊர் காப்பி?"

ஷெவராய் மலை என்றேன். இங்கிலீஷ்காரர்கள் அந்தக் காலத்தில் சேர்வராயனை அப்படித்தான் ஆக்கிவைத்தார்கள். டெனிஸ் மேஜையைத் தட்டினார். இங்கே 'ரை' என்ற தானியத்தில் வடிக்கிற விஸ்கிக்கும் 'ரை' என்றே பெயர். நான் ஊற்றியிருந்ததும் அதுதான். "ஷெவ-ரை! பேரிலேயே விஸ்கி இருக்கிறது!" என்றார். உடனே கார்டில் எழுதிக்கொண்டார். அது ஒரு சாமியின் பேர் என்று சொல்ல எனக்கு இங்கிலீஷ் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

போகிற போக்கில் இன்னொன்றும் சொல்லிவிட்டுப் போனார். முதலாளி முன்னால் ஒவ்வொருவரும் தங்கள் காக்டெயிலைத் தாங்களே முதலில் குடித்து, ருசியை விளக்க வேண்டும்.

எந்தச் சாமிக்குச் சாராயத்தை நாக்கில் வைக்க மாட்டேன் என்று சூடம் அடித்தேனோ, அந்தச் சாமி பேரைச் சாராயத்துக்கு வைத்து, அதை நாக்கிலும் வைக்க வேண்டும். இப்படி ஒரு சிக்கல் வேறு யாருக்காவது வந்திருக்குமா என்று தெரியவில்லை.

வீட்டில் சொன்னேன்.

"பேரு போனாப் போகட்டுமுங்க. ஊருல லாட்ஜுக்கும் பஸ்சுக்கும் அந்தப் பேருதான வெச்சிருக்கறாங்க," என்றாள் சாந்தி. "ஆனா நாக்குல வெக்கறது வேற."

"நான் சாராயம்னுதான சொன்னேன்? இது விஸ்கி, வெர்மூத்து. வெர்மூத்து திராட்சைல செய்யறது."

"ஏனுங்க, கலரு மாத்திட்டாச் சாராயம் இல்லீன்னு ஆயிருமுங்களா?"

தேன்மொழி பாட்டு கேட்கிற கருவியைக் காதிலிருந்து கழற்றினாள். "அப்பா, துப்பிட்டா ஓகேவா?"

"சத்தியம் குடிக்க மாட்டேன்னு இல்ல கண்ணு. நாக்குல வெக்க மாட்டேன்னு."

"சாராயன் சாமிக்கு இங்க நடக்கறது தெரியுமா? டைம் டிஃபரன்ஸ் இருக்கு இல்ல? அங்க அது தூங்கும்."

"சேர்வராயன்னு சொல்லு. வாயில ஒண்ணு வெப்பேன்," என்றாள் சாந்தி. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சேர்வராயன் மலைக்குச் சாமி. மலை இல்லாத ஊரில் அவருக்கு அதிகாரம் உண்டா? ஊர் எல்லையில் முனியப்பனுக்குச் சாராயமும் சுருட்டும் படைக்கிறோமே, அவரிடம் இந்தச் சத்தியத்தைச் செய்திருந்தால் இந்த வம்பே இல்லையே என்றுகூடத் தோன்றியது. சூடம் ஏற்றிக் கேட்ட அம்மாதான் விடுவிக்க முடியும் என்று கடைசியில் முடிவு செய்தேன்.

5

வாழவந்தியில் எங்கள் ஊட்டுக்குப் போன் கிடையாது. ஏற்காடு பஜாரில் எஸ்.டி.டி. பூத் வைத்திருப்பவரிடம் சொல்லிவைத்தால், ஞாயிற்றுக்கிழமை அண்ணன் சடையன் அம்மாவை பஸ்ஸில் கூட்டிக்கொண்டு வந்து காத்திருப்பார்.

"ஏனுங்க, டொராண்டோவுங்களா? அம்மா வந்து உக்காந்திருக்கறாங்க, குடுக்கறனுங்க," என்றார் பூத்காரர். பின்னால் பஸ் ஹாரன் கேட்டது.

"கண்ணு, நல்லாருக்கறியா? புள்ள நல்லாருக்குதா? குளுரு நொம்பவா?"

எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். பிறகு விஷயத்தைச் சொன்னேன். புது காக்டெயில், ஹெட் பார்மேன் வேலை, நாக்கில் வைக்க வேண்டிய கட்டாயம். சத்தியத்திலிருந்து என்னை விடுவிக்க ஏதாவது பரிகாரம் உண்டா என்று கேட்டேன்.

"என்னத்தப் போட்டுக் கலக்கியிருக்கற?"

"நம்ம காப்பிதாம்மா. மொளகு, ஆரஞ்சுத் தோலு."

"காப்பியா? ருசி எப்படி இருக்குது?"

"அதத்தாம்மா சொல்றேன். நாக்குல வெக்காம எனக்கெப்படித் தெரியும்?"

"எனக்கும் மறந்து போச்சு கண்ணு," என்றாள்.

காப்பி ருசி மறந்துபோகுமா? காப்பிச் செடிக்கு நடுவில் பிறந்து, காப்பி பறித்து, காயப்போட்டு, எங்களுக்கெல்லாம் விடியற்காலை வரக்காப்பி போட்டுக் கொடுத்தவள். வயதாகிவிட்டது, ஏதோ தடுமாறுகிறாள் என்று பயந்துபோனேன். அண்ணன் போனை வாங்கினார்.

"தம்பி, உனக்குத் தெரியாதா? அம்மாதான் காப்பி குடிக்கறதில்லையே. நீ லாட்ஜுக்குப் போனதுல இருந்து."

"ஏன்?"

"எனக்கென்னடா தெரியும்? ஒத்துக்கலைன்னு சொல்லும்."

மறுபடி அம்மாவின் குரல் வந்தது. "வேண்டுதல வெளிய சொல்லக் கூடாது. கேட்டுட்ட, சொல்றேன். அன்னைக்கி உன்னைய வெளிய நிக்க வெச்சுட்டுச் சாமிகிட்டப் பேசுனேன். நீ என்ற மவன் நாக்கக் காப்பாத்து, நான் என்ற நாக்கக் கட்டிக்கறேன்னு சொன்னேன். நமக்குப் பிரியமானத உட்டாத்தான சாமி கேக்கும்? எனக்குக் காப்பிய உட்டா வேற என்ன இருந்துச்சு கண்ணு பிரியமா?"

கப்பலில் இருந்த காலத்திலிருந்து ஊருக்குப் போகும்போதெல்லாம் அவளுக்கு நான் கொண்டுபோனது காப்பித்தூள் டப்பா. வாங்கி வைத்துக்கொண்டு, "நொம்ப வாசமா இருக்குது கண்ணு" என்பாள். அதைத்தான் அவளால் சொல்ல முடிந்திருக்கிறது.

"நீ ருசி பாத்துக்க சாமி. பொழப்புன்னா என்ன பண்றது? சேர்வராயங்கிட்ட நான் சொல்லிக்கறேன்."

"அப்ப உன் வேண்டுதல்?"

அம்மா சிரித்தாள். "உன்ற நாக்குல பட்டுருச்சுன்னா அவரு பேச்சத் தவறுனாருன்னு அர்த்தம். அப்பறம் நான் எதுக்குக் கட்டிக்கிட்டு இருக்கோணும்?"

6

இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? நான் சத்தியத்தைக் காப்பாற்றுகிற வரைக்கும் அம்மாவுக்குக் காப்பி இல்லை. நான் மீறினால் அவளுக்கு உண்டு. நல்ல மகன் எதைச் செய்வான்? இரண்டு பக்கமும் நியாயமாகத்தான் தெரிந்தது, இரண்டு பக்கமும் பாவமாகவும் தெரிந்தது. சாந்தியிடம் கேட்டேன். "என்னையக் கேட்டா நான் என்னத்தங்க சொல்லுவேன்?" என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

தேர்வுக்குக் குறித்த நாளில் முதலாளி வந்து உட்கார்ந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். என் முறை. ஊற்றி, கலக்கி, வடித்து, ஆரஞ்சுத் தோலைப் பிழிந்தேன். கிளாஸ் என் முன்னால் இருந்தது. டெனிஸ் பேரைச் சொன்னார், எல்லோரும் சிரித்தார்கள். என் கை தானாகக் கன்னத்தில் போட்டுக்கொள்ளப் போனது, நடுவழியில் நிறுத்திக் காதைச் சொறிந்துகொண்டேன்.

குடித்தேன்.

அம்மாவின் காப்பிக்காகக் குடித்தேன் என்று சொல்லத்தான் ஆசை. வேலைக்காகவும்தான் குடித்தேன். இத்தனை வருஷம் ஊற்றிக் கொடுத்தவற்றில் அப்படி என்னதான் இருக்கிறது என்ற ஆசையும் இருந்திருக்கும். எது எத்தனை பங்கு என்று என்னைக் கேட்காதீர்கள். கலக்கத்தான் எனக்குத் தெரியும், கலந்ததைப் பிரிக்கத் தெரியாது.

தொண்டை எரிந்தது. நாக்கு மரத்துப்போனது. என் மூக்கு சொல்லிவைத்திருந்த பலாச்சுளையும் காட்டுப்பாதையும் அதில் எங்கேயும் இல்லை. "எப்படி இருக்கிறது?" என்று முதலாளி கேட்டார். ருசியைச் சொல்லத் தெரியாமல் வாசனையைச் சொன்னேன். மழைக்குப் பிறகு காப்பிச் செடி பூத்து மலை முழுக்க வெள்ளையாக நிற்கிறதை, வெயிலில் ஆரஞ்சுத் தோல் காய்கிறதை, மிளகுக்கொடியைக் கையில் கசக்கினால் வருகிறதை, தட்டுத்தடுமாறி இங்கிலீஷில் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். அவருக்கு அதெல்லாம் தெரிந்ததாம். எனக்குத் தெரியாதது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் புரியவில்லை.

வேலை எனக்குக் கிடைத்தது. கார்டில் ஷெவ-ரைதான் முதல் வரி. ஒரு மேஜையிலிருந்து "இரண்டு ஷெவ-ரை" என்று குரல் வந்தால் இப்போதும் எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றுதான் இருக்கிறது.

7

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் போட்டேன்.

"பட்டுருச்சும்மா," என்றேன்.

திட்டுவாளோ, அழுவாளோ என்று ரிசீவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். "வேல கெடச்சுதா?" என்றாள். கிடைத்தது என்றேன். "அது போதும்," என்றாள்.

"பக்கத்துக் கடையில காப்பி வாங்கித் தரச் சொல்லும்மா அண்ணன. இப்பவே. நான் லைன்லயே இருக்கறேன்."

"இப்பவேவா? பஸ்சு வந்துருமே."

"வந்தா வரட்டும்."

அண்ணன் போகிற சத்தம், கடையில் யாரோ டம்ளர் கழுவுகிற சத்தம், அவர் திரும்பி வந்து "சூடு, பாத்து" என்கிற சத்தம் எல்லாம் கேட்டது. அம்மா ஊதினாள். உறிஞ்சினாள்.

"அம்மா?"

"கசக்குது கண்ணு."

"சக்கர போட்டாங்களா?"

"நெறையாத்தான் போட்டிருக்கறான். அப்பறமும் கசக்குது. காப்பின்னா இப்படித்தான் இருக்குமா? நான் வேற மாதிரியல்ல நெனச்சுக்கிட்டு இருந்தேன்?" மறுபடி உறிஞ்சிவிட்டு, "உன்னுது எப்படி இருந்துச்சு?" என்றாள்.

"என்னுதும் கசப்புத்தாம்மா."

"அப்ப எதுக்கு சாமி இத்தன வருசம் ரெண்டு பேரும்...?" என்று ஆரம்பித்தாள்.

அதற்குள் வாழவந்தி பஸ் வந்துவிட்டது என்று அண்ணன் சத்தம் போட்டார்.

"பாதி டம்ளரு இருக்குதே, என்ன பண்றது?" என்றாள் அம்மா.

"குடிச்சுரும்மா," என்றேன்.

அவள் ரிசீவரைக் கீழே வைக்கவில்லை. ஒவ்வொரு மடக்காகக் குடித்து முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.